சத்தம் வந்தது, பேச்சு வரவில்லை

மைதானத்தின் கிழக்கு ஓரத்தில், மூங்கிலில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய்க்கு அடியில் நான் நிற்கிறேன். குழாயில் ஒரு பொம்பளைக் குரல் வருகிறது.

சத்தம் நன்றாக வருகிறது. பேச்சு வரவில்லை.

பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு, மேலே சாக்கைப் போட்டு மூடிக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது. ஏற்றம் தெரிகிறது. இறக்கம் தெரிகிறது. மூச்சு வாங்குவதுகூடத் தெரிகிறது. என்ன சொல்கிறார் என்பது மட்டும் தெரியவில்லை.

என்னைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் வெடி கம்பெனி, தீப்பெட்டிக் கம்பெனி ஆட்கள். விஸ்வநத்தத்திலிருந்து நடந்து வந்தவர்கள். தாயில்பட்டிப் பக்கமிருந்து வண்டி கட்டி வந்தவர்கள். முக்கால்வாசி பொம்பளைகள். தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் மருந்துக் கறுப்பு போகாத கைகள்.

ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்.

"என்ன மயினி சொல்லுதா?"

"அழுகுதா போல."

அழவில்லை. குருவம்மாக்கா அன்றைக்கு ஒரு சொட்டு அழவில்லை. ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அதைக் கேட்கத்தான் அந்த மேடைக்கே வந்தார். அந்தக் கேள்வி கிழக்கே இருந்த ஒருத்தர் காதுக்கும் போய்ச் சேரவில்லை.

எனக்கு உடம்பு சூடேறியது. இப்போது இதை எழுதும்போதும் ஏறுகிறது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். சுற்றி வளைத்து எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

இரண்டு குமிழ்

நானும் மச்சானும் கூட்டாக மைக் செட் வைத்திருந்த கதையை இந்தத் தொடரில் முன்பே தொட்டிருக்கிறேன். இந்த வாரம்தான் படிக்கிறவர்களுக்காக இன்னொரு தடவை. மச்சான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர், வேலுச்சாமி. செட் என்றால் ஒரு வால்வு ஆம்ப்ளிபயர், ஒரு மைக், மூன்று குழாய், கார் பேட்டரி. மின்சாரம் இல்லாத ஊர்களிலும் எங்கள் செட் பாடும்.

ஆம்ப்ளிபயரில் சத்தத்துக்கு ஒரு குமிழ். அதுபோக இரண்டு குமிழ். ஒன்று பேஸ், ஒன்று டிரபிள். நாங்கள் கனம், கீச்சு என்போம். உறுமி அடித்தால் வருவது கனம். சீட்டி, கொலுசு, பாம்பு சீறுவது எல்லாம் கீச்சு.

தொழிலுக்குப் புதுசாக வருகிறவன், இரைச்சல் வந்தால் சத்தத்தையே குறைப்பான். சோம்பேறி வேலை அது. பேசுகிறவர் குரலும் சேர்ந்து படுத்துவிடும். எது மேலே ஏறுகிறதோ அதை மட்டும் அமுக்க வேண்டும். ஏறுகிற நேரத்துக்கு மட்டும் அமுக்க வேண்டும். இறங்கியதும் விட்டுவிட வேண்டும். பால் பொங்கினால் அடுப்பிலா தண்ணீர் ஊற்றுகிறோம்? ஒரு விறகை இழுத்துவிட்டு, அடங்கியதும் தள்ளிவிடுகிறோம். அவ்வளவுதான் வித்தை. விரல் குமிழை விட்டுப் போகக்கூடாது.

இப்போது அதற்கு மெஷின் வந்துவிட்டது. கனம் ஏறினால் கனத்தை, கீச்சு ஏறினால் கீச்சை, தானாகவே பார்த்து அமுக்குமாம். மதுரையில் ஒருத்தர் போட்டுக் காட்டினார். நல்ல மெஷின். தன்னைத் திருகுகிற கை யாருடையது என்பது மட்டும் அதற்குத் தெரியாது. எங்கள் குமிழுக்கும் தெரியவில்லை.

இன்னொன்று. மனுசக் குரலில் பலம் கனத்தில் இருக்கிறது. சொல் கீச்சில் இருக்கிறது. கீச்சை ஒரேயடியாக அமுக்கினால் குரல் அப்படியே நிற்கும். சொல் செத்துப்போகும். தூரத்தில் இருக்கிறவனுக்கு யாரோ கத்துகிறார்கள் என்று மட்டும் தெரியும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மானேஜர் பல்

கம்பெனி பெயர் எழுத மாட்டேன். ஊர்ப் பெயரும் வேண்டாம். வெடி கம்பெனி. அங்கே ஒரு மானேஜர் இருந்தான். அவனுக்கு மரியாதை போட்டு எழுதக் கை வரவில்லை. பத்திரிகையில் திருத்திப் போட்டால் போட்டுக்கொள்ளட்டும்.

அவனுக்கு முன்பல்லில் சந்து. ஸ், ஷ் வருகிற இடமெல்லாம் சீட்டி அடிக்கும். மைக்கில் பேசினால் அந்தச் சீட்டி குழாயில் ஏறிக் காதைக் குத்தும். ஆயுத பூஜை, சீசன் தொடங்குகிற பூஜை எல்லாவற்றுக்கும் எங்கள் செட்தான். அவன் பேச எழுந்தால் என் விரல் கீச்சுக் குமிழுக்குப் போய்விடும். "சரஸ்வதி" என்பான், அமுக்குவேன். அடுத்த சொல்லுக்கு விடுவேன். "சீசன்" என்பான், அமுக்குவேன். அவன் வாய் திறக்கிற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

ஒரு வருசம் எனக்குக் காய்ச்சல். மச்சான் தனியாகப் போனார். மானேஜர் பல்லுக்குப் பயந்து கீச்சை முழுக்க அமுக்கி வைத்துவிட்டார். பேச்சு முடிந்ததும் ஆட்கள் போர்மேனிடம் போய், "நாளைக்கு லீவுன்னாரா, வேலைன்னாரா?" என்று கேட்டிருக்கிறார்கள். மானேஜர் மச்சானிடம் வந்தான்.

"சத்தம் வருது, பேச்சு வெளங்கலைங்கானுக. எந்தக் குமிழ்ப்பா அது?"

மச்சான் காட்டினார். அவன் குனிந்து பார்த்தான். இப்படித் திருகினால் என்ன, அப்படித் திருகினால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டானாம். மச்சான் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்களும் சிரித்தோம்.

மச்சான் காது

செட் போடுவதற்கு முன்னால் மச்சானும் அதே கம்பெனியில்தான் இருந்தார். வெடி பார்க்கிற வேலை. ஒவ்வொரு லோடிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, பின்னால் பொட்டலில் கொளுத்திப் போட்டு, சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் சத்தத்தின் தரம் தெரியாது என்று பஞ்சை எடுக்கச் சொல்வார்கள். காலையிலிருந்து பொழுது சாயும் வரை அதுதான் வேலை.

அந்த வேலை பார்த்தவர்களுக்கு முழுச் செவிடு வராது. கீச்சு மட்டும் போகும். மேளம் கேட்கும். வண்டிச் சத்தம் கேட்கும். அவர் மகள் கொலுசு போட்டுக்கொண்டு வீட்டுக்குள் ஓடுவாள். பாதம் தரையில் படுகிற சத்தம் அவருக்குக் கேட்கும். கொலுசு கேட்காது. எதிரே நின்று பேசினால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார். முதுகுக்குப் பின்னால் பேசினால் தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருப்பார். நாளாக ஆக, ஜனங்கள் அவரிடம் சேதி சொல்வதையே விட்டுவிட்டார்கள். ஊரே பேசுகிற விசயம்கூட அவருக்குக் கடைசியில்தான் வரும். சில சமயம் வரவே வராது.

அதனால் கூட்டத்தில் அவர் சத்தத்தைப் பார்த்துக்கொள்வார், நான் சொல்லைப் பார்த்துக்கொள்வேன். அதுதான் எங்கள் கூட்டு.

பூட்டு

அந்தச் சீசன் கடைசி. தீபாவளி நெருங்கிவிட்டது. ஆர்டர் முடியாமல் கம்பெனி திணறிக்கொண்டிருந்தது. ஒரு முற்பகலில் திரி செருகுகிற ரூமில் தீப்பிடித்தது. உள்ளே நான்கு பெண்கள். குருவம்மாக்காவின் மகள் முத்துமாரி அதில் ஒருத்தி. நான்கு பேரும் போய்விட்டார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

அந்த மாதிரி ரூமுக்கு முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு இருக்க வேண்டும். இருந்தது. சீசனில் பொழுது சாய்ந்தால் பெண்கள் பின்கதவு வழியாக வீட்டுக்கு நழுவிவிடுகிறார்கள் என்று, பின்கதவுக்கு வெளியே பூட்டுப் போடுகிற பழக்கம் அங்கே இருந்தது. தீப்பிடித்தது முன்கதவுப் பக்கம்.

குருவம்மாக்கா தாள் உருட்டுகிற ரூமில் இருந்தார். ஓடிப்போய்ப் பின்கதவைத்தான் பிடித்திருக்கிறார். பூட்டு. கல்லை எடுத்து அடித்திருக்கிறார். அனலில் வெந்த அந்தக் கை கடைசி வரை மடங்கவில்லை.

எல்லாம் அடங்கிய பிறகு பூட்டு இல்லை. உள்ளே தாழ் போட்டிருந்தார்கள், பெண்களின் கவனக்குறைவு என்றது கம்பெனி. பூட்டைப் பற்றி ஊரில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எல்லாருக்கும் மறுநாள் வேலை வேண்டும்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வருவதாக இருந்தது. அதற்கு முதல் நாள் சாயங்காலம் கம்பெனியே அனுதாபக் கூட்டம் போட்டது. செட் எங்களுடையது. குழாய் கட்டிக்கொண்டிருந்தபோது குருவம்மாக்கா வந்தார்.

"தம்பி, நாலு வார்த்தை பேச விடுதேன்னுருக்காக. பெத்தவ சொன்னா ஆத்தமாட்டாம சொல்லுதான்னு எழுதிருவாக. பூட்டைப் பாத்த ஆளு இன்னொண்ணு வேணும். அதைத்தான் கேக்கப் போறேன். கடேசி ஆளு வரைக்கும் கேக்கணும் தம்பி."

"கேக்கும்க்கா" என்றேன்.

மேடைக்குக் கீழே

குருவம்மாக்காவை மேடையில் ஏற விடவில்லை. ஊர்த் தலைவர் சொல்லிவிட்டார், கீழே நின்று பேசட்டும் என்று. காரணம் யாரும் கேட்கவில்லை. அவர் எந்தத் தெரு என்று எல்லாருக்கும் தெரியும். மகளைப் பறிகொடுத்தவருக்கு மூன்று படி ஏற அனுமதி இல்லை.

அந்த நேரம் பார்த்துக் காற்றில் கிழக்குக் குழாயின் வயர் விட்டுப்போனது. நான் அங்கே ஓடினேன். மச்சான் செட்டில் இருந்தார். மைக்கை யாரோ கீழே இறக்கி, முன்குழாய்க்கு நேர் எதிரே வைத்துவிட்டார்கள். குழாய்க்கு எதிரே மைக் வந்தால் ஊளையிடும். ஊளையிட்டது. அதற்கு மைக்கை நகர்த்த வேண்டும், இல்லை குழாயைத் திருப்ப வேண்டும். செட்டுக்காரன் எவனுக்கும் தெரியும்.

நான் வயரை முறுக்கி முடித்தபோது ஊளை நின்றிருந்தது. குருவம்மாக்கா குரல் வந்தது. அதுதான் முதலில் எழுதினேனே, அந்தக் குரல். சத்தம் உண்டு, சொல் இல்லை.

கூட்டத்தைத் தாண்டித் தாண்டி ஓடினேன். காலை மிதித்துவிட்டேன் என்று ஒருத்தி ஏசினாள். நான் போய்ச் சேர்ந்தபோது குருவம்மாக்கா பேசி முடித்து, பேசிய இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மைக் மறுபடி மேடைக்கு ஏறிவிட்டது. அங்கே மானேஜர் பேசத் தொடங்கியிருந்தான். அவன் குரலில் சொல் சுத்தமாக வந்தது.

என் வாய் மச்சானுக்குத் தெரியும்படி குனிந்து, குமிழைத் தொட்டது யார் என்று கேட்டேன்.

"மானேஜர்தான் மாப்ளே. ஊளை போட்டுச்சுல்லா? நீங்க சும்மா இருங்க, நான் நிப்பாட்டுதேன்னு வந்து கீச்சைக் கீழ எறக்குனாரு. நின்னுருச்சு. பொறவு அவரே ஏத்திட்டுப் போனாரு. நல்ல மனுசன்."

குறைத்ததும் அவருக்குத் தெரியவில்லை. ஏற்றியதும் தெரியவில்லை. அவர் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அது அந்த மானேஜருக்கும் தெரியும். இவர் காதைத் தின்ற கம்பெனியில் இருந்துகொண்டு, தின்ற காதை வைத்தே ஒருத்தி வாயை அடைத்தான்.

என் வாழ்நாளில் ஒருத்தனை அடிக்க வேண்டும் என்று கை துடித்தது அன்றைக்குத்தான். அடிக்கவில்லை. குமிழில் விரலை வைத்தேன். கீச்சை முழுக்கத் திறந்துவிட்டேன். அப்படியே வைத்துக்கொண்டேன்.

"கம்பெனி சார்பாக ஆழ்ந்த வருத்தத்தை..." என்று போய்க்கொண்டிருந்தவனுக்கு ஸ் ஒன்று வந்தது. மூன்று குழாயிலும் சீட்டி பறந்தது. திரும்பி என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அடுத்த சீட்டிக்குக் குழந்தைகள் சிரித்தன. அதற்கடுத்ததற்குப் பெரியவர்களும் வாயைப் பொத்தினார்கள். இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

நான் மேடைக்குப் போய் மைக்கை எடுத்துக் கீழே கொண்டுவந்தேன். முன்குழாயின் வயரைப் பிடுங்கிப் போட்டேன். இனி ஊளைக்கு வழியில்லை. ஊர்த் தலைவர் எழுந்துவிட்டார்.

"ஏலே, அவதான் பேசியாச்சுல்லா?"

"சத்தம்தான் போய்ச் சேந்துச்சுங்க. பேச்சு போகலை. செட்டு எங்களுது. பேச்சு போகாம மைக்க அவுக்க மாட்டேன்."

அவர் மானேஜரைப் பார்த்தார். கீழே அவ்வளவு ஜனமும் அவரைப் பார்த்தது. உட்கார்ந்துவிட்டார்.

குருவம்மாக்கா நின்ற இடத்தில் நின்று பேசினார். எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.

"பின்கதவுல பூட்டு தொங்குச்சு. நான் கல்லால அடிச்சேன். பூட்டைப் பாத்தவுக இங்கன யாராச்சும் இருந்தா, நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு என்கூட வாங்க. அம்புட்டுத்தான்."

குரல் கிழிகிற இடத்தில் மட்டும் ஒரு மயிரிழை அமுக்கினேன். மற்றபடி தொடவில்லை. கிழக்குக் கடைசி வரை தலைகள் நிமிர்ந்தன. கேட்டுவிட்டது.

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

மானேஜர் மேடையிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்த தலைகள் குனிந்தன. குருவம்மாக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்துபோனார். வழி விட்டார்கள். அது ஒன்றுதான் அவர்களால் முடிந்தது.

வயர் சுற்றும்போது

மச்சான் ஒரு நுனியில், நான் ஒரு நுனியில். முழங்கையில் வயரைச் சுற்றிக்கொண்டே நடந்து நடுவில் சந்திப்போம். சந்தித்தோம். என் முகத்தைப் பார்த்தார்.

"அந்தப் புள்ள அப்படி என்னலே கேட்டுச்சு? எல்லாரும் கல்லு மாதிரி இருந்தாகளே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு தடவை பேசியும் இவருக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. குருவம்மாக்கா இவருக்கு முதுகு காட்டி நின்று பேசினார். வாயைப் பார்க்க வழியில்லை. அவர் காதருகே போய், அடித்தொண்டையில் கனமாகச் சொன்னேன். பின்கதவு. பூட்டு. பார்த்த ஆள் வேண்டும்.

மச்சான் வயரைக் கீழே போட்டுவிட்டார்.

"நான் பாத்தேனே."

கம்பெனியில் ஆட்கள் பாட்டுக் கேட்க ஒரு குழாய் கட்டிக் கொடுத்திருந்தோம். அது கரகரக்கிறது என்று, தீப்பிடித்த அன்றைக்குக் காலையில் கழற்றிவரப் போனவர் மச்சான்தான். குழாய் இருந்தது அந்த ரூமின் பின்சுவரில். ஏணி வைத்து ஏறி, இறங்கி, ஏணியைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார். பூட்டு கண்ணுக்கு நேரே தொங்கியிருக்கிறது. அது ஒரு விசயம் என்று அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவரிடம்தான் யாரும் எதுவும் சொல்வதில்லையே.

குருவம்மாக்கா தேடிய சாட்சி, அவர் குரலைக் குழாய்க்கு ஏற்றிக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தது. மானேஜர் அந்தச் சாட்சியின் மடியில் குனிந்துதான் குமிழைத் திருகியிருக்கிறான்.

பள்ளிக்கூடம்

மறுநாள் மூன்று பேரும் போனோம். அதிகாரி தாளைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசுகிறவர். மச்சான் என்னைப் பார்த்தார். நான் கேள்வியைக் காதில் திருப்பிச் சொன்னேன். நடுவில் ஆள் பேசக்கூடாது என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஜன்னலில் நின்றேன்.

மானேஜர் எழுந்தான். "சார், இவருக்குக் காது சுத்தமா கேக்காது. செவிட்டுச் சாட்சி சார்." ஒவ்வொரு ஸாருக்கும் சீட்டி.

மச்சான் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு வருசம் அவன் பேச்சைப் பார்த்துப் பழகியவர். புரிந்துவிட்டது. அதிகாரிப் பக்கம் திரும்பினார்.

"அய்யா, காது இவுக கம்பெனியில போச்சு. கண்ணு என்கிட்டதான் இருக்கு. பூட்டைக் கண்ணாலதானய்யா பாத்தேன்."

அதிகாரி தாளிலிருந்து தலையைத் தூக்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கேள்வியையும் மச்சான் முகத்தைப் பார்த்துக் கேட்டார். எழுதிக்கொண்டார். குருவம்மாக்கா மடங்காத கையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

பூட்டுப் போட்டவனுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. மானேஜர் வேறு கம்பெனிக்கு மானேஜராகப் போனான். அந்தப் பக்கத்துப் பூஜைகளுக்கு எங்களைக் கூப்பிடுவது நின்றது. அந்தக் கம்பெனியில் பின்கதவுகளில் பூட்டு மாட்டுகிற கொண்டியைப் பிடுங்கி எறிந்தார்கள். நான்கு பெண்களுக்குக் கிடைத்தது அந்தக் கொண்டிதான்.

நான் ஒன்று செய்தேன். ஆம்ப்ளிபயரில் கீச்சுக் குமிழின் மேல்மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். உள்ளே தண்டு மட்டும் நிற்கும், வழுக்கும். என்னிடம் இருக்கிற மூடி இல்லாமல் எவனும் திருக முடியாது. செட்டை விற்கும் வரை அப்படித்தான்.

எத்தனையோ கூட்டம். எத்தனையோ மானேஜர்கள் செட்டருகே வந்து குனிந்து பார்ப்பார்கள்.

"என்னப்பா, இங்கன ஒரு குமிழைக் காணோம்?"

"இருக்கு" என்பேன்.

எங்கே என்று சொல்ல மாட்டேன்.